நாவலும் நாகதாளியும்

ஆனி பிறந்துவிட்டால் திருப்பூர் வீதிகளில் தள்ளுவண்டி நிறைய நாவல்பழம் வந்துவிடும். மேலே கொஞ்சம் உப்புத்தூள், சுருட்டிய தாளில் ஒரு பொட்டலம், கால் கிலோ, அரைக் கிலோ என்று வியாபாரம் நடக்கும். வாங்குகிறவர்களில் பலர் ருசிக்காக மட்டும் வாங்குவதில்லை. "சக்கரைக்கு நல்லதுங்க" என்பதை வண்டிக்காரர் வாயைத் திறக்காமலே எல்லோரும் அறிவார்கள். ஊரை விட்டுக் காங்கயம் சாலையிலோ தாராபுரம் சாலையிலோ போனால் வேறொரு பழத்துக்குக் கடை போட்டிருக்கிறார்கள். கண்ணாடி டம்ளரில் ரத்தச் சிவப்பாகச் சப்பாத்திக்கள்ளிச் சாறு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை நாகதாளி என்பார்கள். கடையில் தொங்கும் அட்டை ரத்தம் ஊறும், ஹீமோகுளோபின் ஏறும் என்கிறது.

ஒரு பழம் சர்க்கரைக்கு, ஒரு பழம் ரத்தத்துக்கு. பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் இந்த ஊரில் இரண்டு நோயும் வீட்டுக்கு வீடு பழக்கமானவை. செக்கிங் மேசை முன் நின்றபடியே ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு ரத்தசோகை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தே ஆண்டுகளைக் கழித்த டெய்லருக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேர் நம்பி வாங்கிச் சாப்பிடும் பழங்களைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்வது நம் கடமை என்று நினைக்கிறேன். அதனால்தான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதல் பார்வைக்கு இரண்டும் உறவுக்காரப் பழங்கள் போலிருக்கும். இரண்டுமே யாரும் தண்ணீர் பாய்ச்சாமல் காய்ப்பவை. இரண்டுமே நாக்கையும் சட்டையையும் கறையாக்கும். தாவரவியல் கணக்கில் இரண்டும் சதைக்கனி வகையில் சேரும். உள்ளே இருக்கும் நிறத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நாவலின் கருநீலத்தைத் தருவது அந்தோசயனின். கருந்திராட்சை, கத்தரிக்காய்த் தோல், சங்குப்பூ, கருப்புக் கவுனி அரிசி எல்லாவற்றிலும் இருப்பது இந்தக் குடும்பம்தான். அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் கொண்டாடும் புளூபெர்ரியின் நிறமும் இதுவே. நாவலில் டெல்ஃபினிடின், பெட்டூனிடின், மால்விடின் என்ற மூன்று கிளைகளைச் சேர்ந்த அந்தோசயனின்கள் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து இருக்கின்றன. நாகதாளியின் செந்நிறத்துக்குக் காரணம் பீட்டலைன். பீட்ரூட், செந்தண்டுக்கீரை, காகிதப்பூ, அந்திமந்தாரை இவற்றின் சிவப்பும் அதுதான். அந்தோசயனினைச் செடி பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. பீட்டலைனுக்கு டைரோசின் வேண்டும், அதன் மூலக்கூறுக்குள் நைட்ரஜன் இருக்கும். இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. இதுவரை ஆராயப்பட்ட செடிகளில் இவ்விரண்டு நிறங்களும் ஒரே செடியில் இயற்கையாகச் சேர்ந்து இருந்ததில்லை. கள்ளியும் கீரையும் அடங்கிய ஒரு வரிசைத் தாவரங்கள் மட்டும் பீட்டலைன் வழியில் போயின. பூக்கும் தாவரங்களில் மற்ற பெரும்பான்மை அந்தோசயனினோடு இருந்துவிட்டது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இல்லை. ஏன் இப்படிப் பிரிந்தன என்று தாவரவியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேதியியல் புத்தகம் தேவையில்லை. கட்டிங் வேஸ்டில் கிடைக்கும் வெள்ளைப் பனியன் துணியில் இரண்டு துண்டு போதும். ஒன்றில் நாவல்சாறு, மற்றதில் நாகதாளிச் சாறு. இரண்டின் மேலும் எலுமிச்சை பிழிந்தால் நாவல் கறை சட்டென்று செந்நிறமாக மாறும், நாகதாளி அப்படியே நிற்கும். சலவைச் சோடா கரைத்த நீரைத் தொட்டு வைத்தால் நாவல் கறை நீலம் பாய்ந்து, சாம்பலாகி மங்கும். நாகதாளிக் கறை கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகப் போகும். நாவலின் நிறம் புளிப்புக்கும் காரத்துக்கும் உடனுக்குடன் ஆடுகிறது. நாகதாளியின் நிறம் பி.எச். 3 முதல் 7 வரை அசையாமல் இருந்து, கடும் காரத்தில் உடைகிறது. கொதிக்கவைத்தால் இரண்டுமே தாங்காது. அதனால்தான் இவை வீட்டுச் சாயமாகக்கூட நிலைக்கவில்லை. பட்டறையில் பயன்படும் ரியாக்டிவ் சாயம் உப்பும் சோடாவும் சேர்ந்த காரக் குளியலில்தான் பருத்தி நாரோடு இறுகிப் பிணைகிறது. அதே காரம் இந்தப் பழச் சாயங்களைக் கொன்றுவிடுகிறது. நிறம் என்ற ஒன்றுக்காக நொய்யல் ஆறு எவ்வளவு உப்பைச் சுமந்தது என்பதும், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்த ஊர் மறக்கக்கூடிய செய்திகள் இல்லை.

துணியில் நடந்தது வயிற்றிலும் நடக்கிறது. இரைப்பையின் புளிப்பில் அந்தோசயனின் நன்றாகத் தாங்குகிறது. சிறுகுடலுக்குள் இறங்கி அமிலம் தணிந்ததும் உடையத் தொடங்குகிறது. மிச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் சிறு சிறு பீனாலிக் அமிலங்களாக்குகின்றன. ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அந்தத் துண்டுகள்தான், அந்தக் கருநீலம் அப்படியே போவது சொற்பம். இதைத் தொடர்ந்து பார்ப்பதற்காக, கார்பன் அணுக்களுக்கு அடையாளமிட்ட ஓர் அந்தோசயனினை இங்கிலாந்தில் 8 ஆண்களுக்குக் கொடுத்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. உட்கொண்ட 500 மில்லிகிராமில் சுமார் 12 சதவீதம் உறிஞ்சப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அந்தோசயனின் உடம்பில் ஏறவே ஏறாது என்று அதுவரை சொல்லிவந்ததை அது திருத்தியது.

நாகதாளியின் கதை இங்கேதான் சிக்கலாகிறது. கள்ளிப்பழத்தின் நன்மை பற்றி யூடியூபில் பேசுகிறவர்கள் பலரும் "வெளிநாட்டு ஆய்வு" என்று சொல்வார்கள். அப்படி ஆய்வு உண்டு, நல்ல ஆய்வும்தான். இத்தாலியில் சிசிலித் தீவின் பலேர்மோ பல்கலைக்கழகத்தார் 2004-ல் வெளியிட்டது அது. ஆரோக்கியமான 18 பேர் இரண்டு வாரம் தினம் இரு வேளை 250 கிராம் கள்ளிப்பழச் சதை சாப்பிட்டார்கள். இடைவெளி விட்டு, பழத்துக்குப் பதிலாக 75 மில்லிகிராம் வைட்டமின் சி இரு வேளை கொடுத்து ஒப்பிட்டார்கள். பழம் சாப்பிட்டபோது உடலில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் அடையாளங்கள் ரத்தத்தில் குறைந்தன. வைட்டமின் சி மட்டும் கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. பழத்தில் வைட்டமின் சி-யைத் தவிர வேறு ஏதோ வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் அவர்கள் உண்டது சிசிலியில் தோட்டப்பயிராக விளையும் ஒபன்ஷியா ஃபிகஸ்-இண்டிகா. நம் வேலியோரத்தில் நிற்பது ஒபன்ஷியா தில்லேனி. இரண்டின் சாயமும் ஒன்றில்லை. சிசிலிப் பழத்தில் பீட்டானின் என்ற சிவப்போடு இண்டிகாசாந்தின் என்ற மஞ்சள் பீட்டலைனும் உண்டு. அதே பலேர்மோ குழு தொடர்ந்து அளந்தபோது, உண்ட இண்டிகாசாந்தினில் 76 சதவீதம் சிறுநீரில் வெளிவந்தது. அதாவது அவ்வளவும் குடலைக் கடந்து ரத்தத்தில் ஓடியிருக்கிறது. பீட்டானினோ வெறும் 3.7 சதவீதம்தான். நம் நாகதாளியின் நெருங்கிய இனமான ஒபன்ஷியா ஸ்ட்ரிக்டா பழத்தை ஸ்பெயின் நாட்டார் 2003-ல் பகுத்தார்கள். 100 கிராமில் சுமார் 80 மில்லிகிராம் சிவப்பு நிறமி, அதுவும் பீட்டானின் வகை மட்டும். ஆக, சிசிலிப் பழத்தில் ரத்தம் வரை நன்றாகப் போய்ச் சேர்ந்த மஞ்சள், இந்த வகையில் இல்லை. நம் பழத்தில் கொட்டிக்கிடக்கும் சிவப்பு, உடம்பில் மிகக் குறைவாக ஏறக்கூடியது. சிசிலியின் பெருமையை எடுத்துத் தாராபுரம் சாலைப் பழத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. நாகதாளிச் சாறு குடித்த சிலருக்குச் சிறுநீர் செந்நிறமாகப் போகும், பீட்ரூட் தின்றாலும் அப்படித்தான். பயப்பட வேண்டியதில்லை. அது ரத்தம் ஊறியதற்கான அடையாளமும் இல்லை, உட்போன நிறம் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாவலுக்கும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். அமெரிக்காவில் 93,600 செவிலியப் பெண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்தோசயனின் அதிகமாக உண்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 32 சதவீதம் குறைவாக இருந்தது என்றது. அவர்கள் அதிகம் தின்றது புளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும். நாவல் அந்தப் பட்டியலில் இல்லை. அத்தோடு இது கவனித்து எழுதிய கணக்கு, மருந்து கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை. பழம் தின்னும் வசதியுள்ளவர்கள் வேறு பல வகையிலும் உடம்பைப் பேணுகிறவர்களாக இருக்கலாம். இருந்தாலும் அந்தோசயனின் குடும்பத்தைப் பற்றி உலகம் முழுவதும் சேர்ந்திருக்கும் சான்று பீட்டலைனைப் பற்றியதைவிடப் பல மடங்கு. நாவல் அந்தக் குடும்பத்தின் உண்மையான உறுப்பு. நாகதாளி தன் சிசிலி உறவின் பெயரில் வந்து நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நாவல் பக்கமே சாய்வு.

ஆய்வகச் சோதனைக் குழாயில் ஒரு சாறு எத்தனை ஆக்சிஜன் கூறுகளை அடக்குகிறது என்று அளந்து "ஆன்டி ஆக்சிடன்ட் அதிகம்" என்று விற்கும் பழக்கம் இரண்டு பழத்துக்கும் பொது. அப்படிப்பட்ட எண்களைத் தொகுத்து வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, அவை மனித உடல்நலத்துக்குப் பொருந்துவதில்லை என்று சொல்லி 2012-ல் தன் பட்டியலையே விலக்கிக்கொண்டது. டப்பாக்களில் அந்த எண்கள் இன்னும் உலவுகின்றன.

இனி வண்டிக்காரரும் சாறுக் கடைக்காரரும் தரும் வாக்குகளுக்கு வருவோம்.

நாவலுக்குச் சர்க்கரைப் பெயர் நேற்று வந்ததில்லை. ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் கொட்டைப் பொடியைச் சொல்லிவந்தன. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட 1921-க்கு முன்னால் ஐரோப்பிய மருத்துவர்களும் நாவல் கொட்டையை நீரிழிவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொட்டையில் எலாஜிக் அமிலமும் காலிக் அமிலமும் அவற்றைச் சேர்ந்த துவர்ப்புப் பொருள்களும் நிறைய. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதிகளை இவை ஆய்வகத்தில் தடுக்கின்றன. இந்தியாவில் நடந்த சில சிறிய சோதனைகளில் கொட்டைப் பொடி வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துமிருக்கிறது. எதிர்ப் பக்கமும் உண்டு. பிரேசிலில் நாவல் இலைத் தேநீரைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து, கிளைபுரைடு மாத்திரையோடு ஒப்பிட்டு 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது, தேநீர் குறைக்கவில்லை. அது இலை, கொட்டை இல்லை என்று வாதாடலாம். வாதம் சரிதான். அந்தத் தர்க்கத்தையே நாம் தின்னும் சதைக்கும் பொருத்த வேண்டும். பெயரெல்லாம் கொட்டைக்கு, தின்பதெல்லாம் சதை. கொட்டையைத் துப்பிவிட்டுச் சர்க்கரைக்குச் சாப்பிட்டேன் என்பவர் உண்மையில் சாப்பிட்டது ஒரு நல்ல பழம். இனிப்பு மட்டான, மாம்பழத்துக்கும் சப்போட்டாவுக்கும் பதிலாகச் சர்க்கரை நோயாளி அளவோடு தின்னத்தக்க பழம். அந்தப் பெருமை அதற்குப் போதும். மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு நாவல் பொடிக்கு மாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மாத்திரையோடு சேர்த்துக் கொட்டைப் பொடி தின்கிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும், இரண்டும் சேர்ந்து சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடக் கூடாது.

நாகதாளியின் ரத்த வாக்கு இன்னும் பலவீனம். அதைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நம்பிக் குடிப்பவர்கள் ஏற்கெனவே களைத்துப்போன பெண்கள்.

ரத்தசோகையில் பெரும்பகுதி இரும்புச்சத்துக் குறைவால் வருவது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராம் கள்ளிப்பழத்தில் 0.3 மில்லிகிராம் இரும்பு, நாவலில் 0.19 மில்லிகிராம். இரண்டிலும் வைட்டமின் சி ஏறக்குறைய ஒரே அளவு, 14 மில்லிகிராம். இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பு 29 மில்லிகிராம் என்று 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்தது. கள்ளிப்பழத்திலிருந்து மட்டும் அதைப் பெற வேண்டுமானால் தினம் 10 கிலோ அளவுக்குத் தின்றாக வேண்டும். அரசு வாரம் ஒருமுறை பெண்களுக்குக் கொடுக்கச் சொல்லும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பீட்டானின் சிவப்பாக இருப்பதற்கும் ரத்தம் சிவப்பாக இருப்பதற்கும் தொடர்பே கிடையாது. ரத்தச் சிவப்பின் நடுவில் இரும்பணு உண்டு, பீட்டானினில் இல்லை. பீட்ரூட்டுக்கும் மாதுளைக்கும் நாம் கொடுத்துவைத்திருக்கும் ரத்தப் பெருமையும் இப்படி நிறத்தைப் பார்த்து வந்ததுதான்.

நாவல் இந்த இடத்தில் சும்மா இருப்பதுமில்லை. அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின், செடியுணவிலுள்ள இரும்பைக் குடலில் பிடித்து உறிஞ்சவிடாமல் செய்யும் ரகம். சோறு, கீரையோடு சேர்த்துக் கைநிறைய நாவல் தின்பது ரத்தசோகை உள்ளவருக்கு உகந்ததில்லை. ஒரு பழத்தை நல்லதாக்கும் அதே சேர்மம் இன்னொரு வேளையில் குறுக்கே நிற்கும். ஆனி, ஆடி இரண்டு மாதம் வந்து போகும் நாவலைவிட இதில் பெரிய குற்றவாளி ஆண்டு முழுக்க வருகிறது, அது டீ. 1983-ல் வெளியான ஓர் ஆய்வில் உணவோடு குடித்த ஒரு கோப்பைத் தேநீர் இரும்பு உறிஞ்சுவதை 64 சதவீதம் குறைத்தது, காபி 39 சதவீதம். பனியன் கம்பெனியில் டீ டைம் என்பது மணி அடித்து வருகிற ஒன்று. காலையில் வீட்டில் சாப்பிட நேரமில்லாமல் வந்த பெண் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பன்னோ வடையோ, கொண்டுவந்த இட்லியோ டீயோடு சேர்த்து விழுங்குகிறாள். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி கிடைத்தால் எந்தப் பழச்சாறையும்விட அது அவளுடைய ரத்தத்துக்கு உதவும். இதைச் செய்யக் கம்பெனிகளால் முடியும். டீ டைமைச் சாப்பாட்டிலிருந்து நகர்த்தி வைப்பதற்குச் செலவில்லை.

கொங்கு மண்ணின் பழைய சோறான கம்பில் 100 கிராமுக்கு 6.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வெயில் காலத்தில் சாலையோரம் விற்கும் கம்மங்கூழும், கூடவே ஒரு மூடி எலுமிச்சைச் சாறும் இரும்புக் கணக்கில் நாகதாளியை எளிதாகத் தாண்டும். நாகதாளிச் சாறிலும் கடைக்காரர் எலுமிச்சை பிழிகிறார் அல்லவா, இரும்பு உறிஞ்ச உதவுவதில் அந்த டம்ளரின் பெரிய பங்கு அதற்குத்தான்.

இவ்வளவு சொன்னதால் நாகதாளியை நான் வெறுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அது இந்த மண்ணுக்கு வந்த கதையே நம் ஊருக்கு நெருக்கமானது, ஏனென்றால் அதை இங்கே கொண்டுவரச் செய்ததும் ஒரு சாயம். அமெரிக்கக் கண்டத்துக் கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து கார்மைன் என்ற ஒப்பற்ற சிவப்பு கிடைத்தது. அதன் வியாபாரம் ஸ்பெயின் கையில். அதை உடைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது அசல் கார்மைன் பூச்சி இல்லை, சாயம் குறைந்த வேறு இனம். சாயத் தொழில் தேறவில்லை. அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது, தில்லேனிக் கள்ளியைத் தொடவில்லை. தில்லேனி தென்னிந்தியக் காடு கழனியெங்கும் படர்ந்து பெரும் தொல்லையானது. 1926-ல் அதைத் தின்னும் வேறொரு கோச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து வரவழைத்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் சரிந்தன. களையை அழிக்கப் பூச்சியைப் பயன்படுத்தி உலகத்தில் முதன்முதலாகக் கிடைத்த வெற்றிகளில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடமுண்டு. இன்றும் காங்கயம் பக்கத்துக் கள்ளி மடல்களில் வெள்ளைப் பஞ்சாக அந்தப் பூச்சி ஒட்டியிருக்கும். நசுக்கினால் விரல் சிவக்கும். அந்தச் சிவப்பு கள்ளியின் பீட்டலைன் இல்லை, பூச்சி தானே உண்டாக்கிய கார்மினிக் அமிலம்.

ஆகவே நாவல் மண்ணின் மரம், நாகதாளி வந்தேறி. பறவைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது, இரண்டையும் தின்று விதைக்கின்றன. மனிதர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: நாகதாளியைப் புதிதாக நட்டு வளர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இருக்கும் வேலியிலிருந்து பறித்துத் தின்பதில் ஒரு தவறும் இல்லை. நாவலை நட வேண்டும். 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கத்தால் பாறைநிலமும் கம்பெனி வளாகங்களும் பசுமையாகிவருகின்றன. அவற்றில் நாவல் எவ்வளவு சேர்ந்தாலும் நல்லது. விற்பனைக்கு ஒட்டு ரகங்கள் வந்துவிட்டன. மகாராஷ்டிரத்தின் கொங்கண் பஹடோலி பெரிய பழம், சதைப்பற்று அதிகம். நாட்டு நாவலில் சதை கம்மி, துவர்ப்பு தூக்கல். துவர்ப்பு தூக்கலாக இருந்தால் பாலிபீனாலும் அதிகம் என்பது பொதுவான விதி. சேர்மத்துக்காகத் தின்கிறவர்கள் இனிப்பு ரகத்தைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை.

தின்னும் முறையிலும் இரண்டுக்கும் தூரம் அதிகம். நாவல் பறித்த இரண்டாம் நாள் அழுகத் தொடங்கும். கழுவி உப்புத் தொட்டு வாயில் போட்டால் முடிந்தது வேலை. நாகதாளி தோல் தடித்தது, சில நாள் தாங்கும், தின்னத்தான் பாடு. கண்ணுக்குத் தெரியாத சன்ன முள்கள் கொத்துக்கொத்தாக இருக்கும். உதட்டிலோ நாக்கிலோ ஏறினால் நாள் கணக்கில் உறுத்தும். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பழத்தைத் தரையில் புரட்டித் தேய்த்தும், தீயில் வாட்டியும் முள்ளைப் போக்குவார்கள், பழத்தின் தலைக்குழியிலுள்ள முள்கொத்தையும் தோண்டி எறிவார்கள். கடையில் சாறு வாங்குகிறவர்கள் அது துணியில் நன்றாக வடிகட்டப்பட்டதா என்று பார்த்துக் குடிப்பது நல்லது. விதைகள் கல்லாக இருக்கும். கள்ளிப்பழம் நிறையத் தின்னும் நாடுகளில் விதை குடலில் அடைத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு, குறிப்பாகக் குழந்தைகள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு இது மருந்து என்று சிலர் சொல்கிறார்கள். கள்ளி ஆக்சலேட் சேர்க்கும் செடி. கல்லில் பெரும்பகுதி ஆக்சலேட். மருத்துவரைக் கேட்காமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

இரண்டு பழத்துக்கும் பொதுவாக ஓர் எச்சரிக்கை இந்த மாவட்டத்துக்கென்றே உண்டு. காட்டுப்பழம் என்றால் சுத்தமானது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சாயக்கழிவு ஓடிய ஓடைக்கரையிலும் குப்பை எரிக்கும் மேட்டிலும் நிற்கும் மரத்தையும் செடியையும் காடு என்று நான் எண்ண மாட்டேன். அங்கே பழுத்ததைப் பறிக்கவும் மாட்டேன். கொறங்காட்டு வேலியோரத்தில், கிளுவைக்கு நடுவே நிற்கும் கள்ளியும், வாய்க்கால் மேட்டு நாவலும் வேறு.

செக்கிங்கில் நிற்கும் அந்தப் பெண் என்னைக் கேட்டால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அம்மா, முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தம் குறைவு என்றால் இரும்பு மாத்திரையை விடாமல் எடுங்கள், டீயோடு சேர்க்காமல் எலுமிச்சைத் தண்ணீரோடு. நாவல் வரும் மாதங்களில் சாயங்காலம் வேலை விட்டுப் போகும்போது ஒரு பொட்டலம் வாங்குங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமிருக்கிற அந்த வேளை அதற்குத் தோதானது. நாகதாளிச் சாறு பிடித்திருந்தால் தாகத்துக்குக் குடியுங்கள், சர்க்கரை போடவேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். அட்டையில் எழுதியிருப்பதற்காக என்றால் அந்தக் காசுக்கு வீட்டுக்குக் கொஞ்சம் கம்பும் இரண்டு எலுமிச்சையும் வாங்கிக்கொள்ளுங்கள்.